சாய்ந்த மரமெல்லாம் விழாது. நேராக நிற்பதெல்லாம் நிலைக்காது!

''எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பெரிய புளியமரம் இருக்கிறது. மாமனாரின் அப்பா வைத்த மரம். அதன் அடியில்தான் மாட்டுக் கொட்டகை. அடிமரத்தில் ஒரு ஆள் கை நுழையும் அளவுக்குப் பொந்து விழுந்திருக்கிறது. போன சித்திரையில் அடித்த காற்றில் ஒரு கிளை முறிந்து கொட்டகை ஓடு நொறுங்கியது. வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். 'வருஷா வருஷம் புளி கொடுக்கிற மரத்தை வெட்டாதே' என்கிறார் மாமியார். என்ன செய்வது?''

*பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு வாசகி.*

தர்மபுரி மாவட்டத்தில் பாதி வீடுகளில் இந்தக் கேள்வி உண்டு. வீட்டு வாசலில் புளி, களத்து மேட்டில் வேம்பு, கிணற்று மேட்டில் தென்னை, வரப்பில் மா என்று மரங்களோடு ஒட்டிப் புழங்கும் ஊர்கள் இவை. மரம் விழுந்தால் எதன் மேல் விழும் என்ற எண்ணம், ஒரு கிளை முறிந்த பிறகுதான் பலருக்கும் வருகிறது.

வாசகியின் வீட்டில் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பொந்து விழுந்த மரம் எல்லாமே விழுந்துவிடாது. பச்சைப் பசேலென்று நிற்கும் மரம் எல்லாமே உறுதியானதும் அல்ல. வெட்டுவதா, வைப்பதா என்று முடிவெடுக்கும் முன்பு, மரத்தைச் சுற்றி வந்து சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். அரைமணி நேர வேலை. கையில் ஒரு மரச்சுத்தி, அளவு நாடா, மெல்லிய இரும்புக் கம்பி, நீளமான கயிறு இருந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது மரத்தை அல்ல

மரத்தின் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. காட்டு ஓரத்தில் நிற்கும் பட்டுப்போன மரத்தால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆந்தை வந்து உட்கார்ந்து வயல் எலியைப் பிடிக்க அது உதவும். அதை அப்படியே விட்டுவிடலாம். அதே மரம் வீட்டுக் கூரை, மாட்டுக் கொட்டகை, மின்கம்பி, குழந்தைகள் பள்ளிக்குப் போகும் பாதை, களத்து மேடு ஆகியவற்றுக்கு அருகில் நின்றால் கதை வேறு.

எவ்வளவு தூரம் வரை ஆபத்து? மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். விழும்போது கிளைகள் உடைந்து தெறிக்கும் என்பதால் இந்தக் கூடுதல் தூரம். உயரத்தை அளக்க மரம் ஏற வேண்டாம். வெயில் நேரத்தில் 1 மீட்டர் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளக்க வேண்டும். குச்சி நிழல் 80 சென்டிமீட்டர், மர நிழல் 12 மீட்டர் என்றால், மரத்தின் உயரம் 15 மீட்டர். அதைச் சுற்றி 22.5 மீட்டர் வரை ஆபத்து வட்டம். அந்த வட்டத்துக்குள் மனிதர்களோ மாடுகளோ அதிக நேரம் இருக்கும் இடம் எது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

வேர்ப் பகுதி: பெரிய ஆபத்து மண்ணுக்குள்

கிளை முறிந்தால் ஓடு உடையும். வேரோடு சாய்ந்தால் வீடே போகும். ஆனால், வேரைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் பல இடங்களில் செம்மண் ஆழம் குறைவு. சில அடிகளுக்குக் கீழே பாறை தட்டிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் வேர் ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் படர்ந்துதான் மரத்தைப் பிடித்திருக்கும். அந்தப் பக்கவேரை வெட்டினால், கூடாரத்தின் கயிற்றை அறுத்த மாதிரிதான். தண்ணீர்க் குழாய் பதிக்க, சுற்றுச்சுவர் அஸ்திவாரம் எடுக்க, பாதையை அகலப்படுத்த என்று பொக்லைன் ஓட்டும்போது இந்த வேர்கள் அறுபடுகின்றன. வெளியே மரம் ஒன்றும் ஆகாதது போலப் பச்சையாகவே நிற்கும். அடுத்த பெரிய மழை வரைக்கும்தான் அந்த நிலை.

அடிமரத்தின் குறுக்களவைப் போல 5 மடங்கு தூரத்துக்குள் குழி எடுக்காமல் இருப்பது நல்லது. 80 சென்டிமீட்டர் தடிமனுள்ள மரம் என்றால் 4 மீட்டர். அதற்குள் ஒரு பக்கம் முழுக்க வேர் அறுபட்டிருந்தால், அந்த மரத்தைச் சந்தேகப் பட்டியலில் வைக்க வேண்டும். அறுபட்ட வேர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மரம் சாய வாய்ப்பு அதிகம்.

அடிமரத்தைச் சுற்றி மண்ணில் வளைவாக வெடிப்பு தெரிகிறதா, ஒரு பக்கம் மண் மேடாகத் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலும் வேர் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். இதற்கு மேல் சோதனை தேவையில்லை. அன்றே மாடுகளை வேறு இடத்தில் கட்ட வேண்டும். அந்தப் பக்கம் யாரும் படுக்கக் கூடாது.

தொடர்மழைக்குப் பிறகு இந்தச் சோதனை மிக முக்கியம். 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலோரத்தோடு நிற்கவில்லை. டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அரூரில் 33 சென்டிமீட்டர், பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 'புயல் எல்லாம் கடலோரத்துக்குத்தான்' என்ற நினைப்பு அன்றோடு போனது. மண் சேறாக ஊறியிருக்கும்போது, மரத்தைச் சாய்க்கப் புயல் காற்று வேண்டியதில்லை; சாதாரணக் காற்றே போதும்.

சாய்வு: பழையதா, புதியதா?

சின்ன வயதிலிருந்தே வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரத்தின் நுனி, மேலே போகப் போக நிமிர்ந்து வளைந்திருக்கும். சாய்வுக்கு ஏற்ற மாதிரி வேரும் தடித்திருக்கும். இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. நேராக வளர்ந்த மரம் அடியிலிருந்து நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருந்தால் அது புதுச் சாய்வு. அதுதான் ஆபத்து.

சந்தேகம் இருந்தால், கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போலச் செய்யலாம். கிளை பிரியும் கவட்டையில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் கல்லைத் தொங்கவிட வேண்டும். காற்றில்லாத அதிகாலையில், கல்லுக்கு நேர் கீழே தரையில் ஒரு முளைக்குச்சி அடித்துவிட வேண்டும். ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். கல், குச்சியை விட்டு விலகிக்கொண்டே போனால் மரம் நகர்கிறது.

பொந்து: எவ்வளவு போனது என்பதல்ல, எவ்வளவு மிச்சம் என்பதே கணக்கு

வயதான புளியமரத்தில் நடுப்பகுதி உளுத்துப் பொந்தாவது சகஜம். மரத்தின் உயிர் இருப்பது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில்தான். நடுவில் ஓட்டையுள்ள இரும்புக் குழாய் பாரத்தைத் தாங்குவது போல, சுற்றுச்சுவர் தடிமனாக இருந்தால் பொந்து மரமும் நிற்கும்.

அளப்பது எப்படி? பொந்து இருக்கும் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து, 6.28-ஆல் வகுக்க வேண்டும். 250 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால், மையத்திலிருந்து பட்டை வரை சுமார் 40 சென்டிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 சென்டிமீட்டர் அளவுக்காவது சுற்றிலும் கெட்டி மரம் மிச்சம் இருக்க வேண்டும். பொந்துக்குள் கை விடக் கூடாது. பாம்பு, தேள் இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கம்பியை விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். கம்பி சொதசொதவென்று இறங்கும் தூரம் வரை உளுத்த மரம். தடுத்து நிற்கும் இடத்தில் கெட்டி மரம் தொடங்குகிறது.

பொந்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம். மரத்தின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய் திறந்திருந்தால், சுவர் தடிமனாக இருந்தாலும் அது பலவீனமான மரம்தான்.

வெளியே பொந்து தெரியாத மரத்துக்கு மரச்சுத்திச் சோதனை. தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை நான்கு பக்கமும் தட்ட வேண்டும். கெட்டி மரம் 'டக் டக்' என்று ஒலிக்கும். உளுத்த இடம் காலிப் பானையைத் தட்டியது போல 'டொம் டொம்' என்று சொல்லும்.

அடிமரத்திலோ வேர்க்காலிலோ தட்டு போல, விசிறி போலக் காளான் முளைத்திருந்தால் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. காளான் வெளியே வரும்போது, உள்ளே அழுகல் பல வருடம் வேலை பார்த்திருக்கும். மரத்தின் மேல் கரையான் மண் பூசியிருப்பது மட்டும் ஆபத்தின் அடையாளம் ஆகாது. அது பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்னும். மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே மரம் கெட்டியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால் போதும்.

கிளையும் கவட்டையும்

புளியில் பங்குனி, சித்திரையில் புதுத் துளிர் வரும். எல்லாக் கிளையும் துளிர்க்கும்போது மொட்டையாக நிற்கும் கிளை காய்ந்த கிளை. வீட்டுப் பக்கம் நீட்டியிருக்கும் காய்ந்த கிளையை அந்தக் கோடையிலேயே இறக்கிவிட வேண்டும். புளி உலுக்க மரம் ஏறுபவர்களிடம் எந்தக் கிளை காய்ந்தது என்று முன்கூட்டியே காட்டிவிடுவது, மர உரிமையாளரின் கடமை.

இரண்டு பெரிய கிளைகள் 'வி' வடிவில் நெருக்கமாகப் பிரிந்து, நடுவில் பட்டை உள்மடிந்திருந்தால் அந்த இணைப்பு பலவீனமானது. அந்த இடத்தில் வெடிப்பு தெரிந்தாலோ, கறுப்பாக நீர் வடிந்தாலோ கிளை பிளக்கத் தயாராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 'யு' வடிவில் அகலமாகப் பிரியும் கவட்டை உறுதியானது.

மரத்துக்கு மரம் குணமும் மாறும். புளி, நாவல், பனை ஆகியவை காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும். முருங்கை, அகத்தி ஆகியவற்றின் கிளை சட்டென்று முறியும். அழகுக்காக வீட்டு முன்பு வைக்கும் மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி மரங்கள் காற்றுக்குச் சீக்கிரம் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலில் சென்னைச் சாலைகளில் விழுந்து கிடந்தவற்றில் இந்த மரங்கள் ஏராளம்.

வெட்டாமல் காப்பாற்ற முடியுமா?

பல மரங்களை முடியும். காய்ந்த கிளைகளையும், கூரைப் பக்கம் நீண்ட கிளைகளையும் குறைத்தாலே காற்றின் இழுப்பு பெருமளவு குறையும். ஒரே தடவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பச்சைக் கிளையைக் கழிக்கக் கூடாது. மரத்தை மொட்டையடிப்பது தவறான வழி. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேலாகத்தான் ஒட்டியிருக்கும். சில வருடங்களில் அவை கனத்து, முன்பைவிட எளிதாக முறியும்.

பெரிய கிளையை மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை விழுந்த பிறகு, மிச்சமுள்ள கட்டையை அடிமரத்தோடு இணையும் தடித்த வளையத்தை ஒட்டி, வளையம் சேதமாகாமல் எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் பட்டை கிழியாது. காயமும் சீக்கிரம் மூடும். வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவலாம். பொந்தில் சிமென்ட் போட்டு அடைப்பதால் மரத்துக்குப் பலம் கூடாது. ஈரம் தங்கி அழுகல்தான் கூடும். அடிமரத்தில் குப்பை எரிப்பது, மாட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பட்டையைத் தேய்ப்பது இரண்டையும் இன்றே நிறுத்தலாம்.

வீட்டுப் பக்கம் விழ வாய்ப்புள்ள மரத்தையும், கம்பிக்கு அருகில் உள்ள மரத்தையும் சொந்தமாக வெட்டக் கூடாது. கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்கத் தெரிந்த அனுபவசாலிகளை வைத்துத்தான் செய்ய வேண்டும். பட்டா நிலத்தில் இருந்தாலும் சந்தன மரத்துக்கு வனத்துறை அனுமதி அவசியம். மலைக் கிராமங்களில் எந்த மரமானாலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு வெட்டுவது நல்லது. சாலையோரம், ஏரிக்கரை போன்ற அரசு நிலத்து மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்கு ஆட்சியர் தலைமையிலான மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

''காரிமங்கலம் பக்கம் எங்கள் தோப்பில் இரண்டு தென்னைகளின் அடிமரத்தில் செம்பழுப்பு நிறத்தில் நீர் வடிகிறது. மட்டைகள் தொங்குகின்றன. ஆள் ஏறலாமா?''

ஏறக் கூடாது. இது தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளம். 1952-ம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சணம் மண் வழியாக வேரில் நுழைந்து அடிமரத்தை அழுக்கிவிடும். முற்றிய நிலையில் தூரில் காளான் முளைக்கும். அந்த நிலையில் உள்ள தென்னை எப்போது வேண்டுமானாலும் சாயும்.

முற்றிய மரத்தை வேரோடு அகற்றி எரித்துவிட வேண்டும். நோய் பரவாமலிருக்க, பாதித்த மரத்தைச் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் அகழி எடுக்க வேண்டும். பாசனத் தண்ணீர் அந்த மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடக் கூடாது. பக்கத்து மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா கலந்து இட வேண்டும். 1 சதவிகித போர்டோ கலவையை மரத்துக்கு 40 லிட்டர் வீதம் தூரைச் சுற்றி ஊற்றலாம்.

தண்டில் ஓட்டை, அதில் மென்று துப்பியது போன்ற நார், காது வைத்தால் கொறிக்கும் சத்தம் இருந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. அந்த மரத்திலும் ஆளை ஏற்றக் கூடாது. கொண்டையே முறிந்து விழும். தென்னை ஏறும் தொழிலாளர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. தோப்புக்காரர்கள் தங்களுக்கு மரம் ஏறுபவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் சேர்த்துவிடலாம்.

''பக்கத்து நிலத்துக்காரரின் பட்டுப்போன தைலமரம் எங்கள் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. சொன்னால் கேட்க மறுக்கிறார். நாங்களே வெட்டிவிடலாமா?''

*நல்லம்பள்ளி வட்டத்து வாசகர்.*

அடுத்தவர் மரத்தை வெட்டினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். முதலில் ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு பேசிப் பார்க்கலாம். வெட்டுக்கூலியைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தாலே பல தகராறுகள் முடிந்துவிடுகின்றன. முடியவில்லை என்றால், தேதி தெரியும்படி எடுத்த புகைப்படங்களோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்து பிறருக்குக் காயம் ஏற்படுத்தும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ உரிமையாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு நிர்வாக நடுவருக்குத் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய எண்.

''மாமரக் கிளை மின்கம்பியில் உரசுகிறது. மழை நேரத்தில் பொறி பறக்கிறது.''

*பென்னாகரம் வட்டத்து வாசகி.*

தொரட்டி, ஏணி, அரிவாள் எதையும் அந்த மரத்துக்கு அருகில் கொண்டு போகக் கூடாது. பச்சை மரத்திலும் ஈர மூங்கிலிலும் மின்சாரம் பாயும். வீட்டு ஃபியூஸைப் பிடுங்குவதால் தெருக்கம்பியில் மின்சாரம் நிற்காது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலோ, மின்னகம் சேவை எண் 94987 94987-லோ புகார் சொன்னால், இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கிளையை அவர்களே கழிப்பார்கள். அதுவரை மாட்டையும் பிள்ளைகளையும் அந்த மரத்துப் பக்கம் விடக் கூடாது.

மீண்டும் பாலக்கோட்டுப் புளியமரத்துக்கு...

சோதனையின் முடிவு மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வேர்ப் பகுதியில் மண் வெடிப்பு, புதுச் சாய்வு, தூரில் காளான் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி மரத்தை இறக்கிவிடுவதே சரி. பொந்து மட்டும் இருந்து, சுற்றுச்சுவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெட்டியாக இருந்தால், காய்ந்த கிளைகளைக் கழித்துவிட்டு, பருவமழைக்கு முன்பு ஒரு முறை, பின்பு ஒரு முறை என்று சோதித்துக்கொண்டே மரத்தை வைத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் தடுமாறும் நிலை என்றால், அதற்கும் வழி உண்டு. மரத்தை நகர்த்த முடியாது, கொட்டகையை நகர்த்தலாம். நாலு கல்காலும் பத்துத் தகரமும் போட்டு, ஆபத்து வட்டத்துக்கு வெளியே கொட்டகையை மாற்றிவிட்டால், மரமும் நிற்கும், மாடும் பிழைக்கும்.

எந்த முடிவை எடுத்தாலும், இந்த மழைக்காலத்திலேயே ஒரு புளியங்கன்றை நட்டுவிட வேண்டும். பெரியகுளம் பி.கே.எம்-1, உரிகம் ஆகிய ரகங்களின் ஒட்டுக்கன்றுகள் நல்ல தேர்வு. கன்றுக்குக் கன்று 10 மீட்டர் இடைவெளி வேண்டும். வீட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் 20 மீட்டருக்கு மேல் தள்ளி நட்டால், இதே கேள்வியைப் பேரப் பிள்ளைகள் கேட்க வேண்டி வராது. தாத்தா வைத்த மரம் நிற்கும்போதே அடுத்த மரம் காய்ப்புக்கு வந்திருந்தால், பழையதை இறக்க வேண்டிய நாளில் வீட்டில் சண்டையும் வராது.